பழைய மவுன்டன் பைக்கை எடை குறைத்து, எளிதாக்கி, காட்டுத்தடத்துக்குத் தயார் செய்வது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள காட்டுத்தடங்களில் சைக்கிள் ஓட்ட ஆசைப்படும் நம் பிள்ளைகள் பலர் கடையில் விலையைப் பார்த்ததும் பின்வாங்கிவிடுகிறார்கள். முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் வைத்த நல்ல வண்டியின் விலைக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய காரே வாங்கிவிடலாம். ஆனால் தடங்களைச் சுற்றிப் பார்க்க அப்படிப்பட்ட வண்டி தேவையே இல்லை. பாலிட்டோ பக்கம் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே போகும் ஹொல்லா தடங்கள், பைன்டவுனை ஒட்டிய கிபா கோர்ஜின் சுலபமான பாதைகள், ஹோவிக் பக்கத்துக் கார்க்லூஃப் காடு என்று எங்கே போனாலும், எடை குறைந்த எளிய வண்டி ஒன்று நாள் முழுக்கச் சந்தோஷமாக ஓடும். மேட்டில் மூச்சு வாங்குவது குறையும். வழியில் கெட்டுப்போவதற்கு இருக்கும் பாகங்களும் குறையும்.

நான் எடுத்த பழைய வண்டி 14.6 கிலோ இருந்தது. இப்போது 12 கிலோவுக்குச் சற்று மேலே. குறைந்த எடையில் பாதிக்கு மேல் முன் ஃபோர்க் (முன்வீலைப் பிடித்திருக்கும் கவை) ஒன்றிலேயே போனது. ஆனாலும் ஃபோர்க்கைக் கடைசியில்தான் மாற்றச் சொல்வேன். காரணம் கீழே வருகிறது.

எந்த வண்டியை எடுப்பது

பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத அலுமினிய ஹார்ட்டெயில், 29 அங்குல வீல், டிஸ்க் பிரேக். 26 அங்குல வண்டி மலிவாகக் கிடைக்கும், ஓடவும் ஓடும். ஆனால் அதற்கு நல்ல டயரும் ஃபோர்க்கும் தேடுவது வருடத்துக்கு வருடம் கடினமாகிக்கொண்டே போகிறது.

வாங்குவதற்கு முன் சீட் போஸ்ட்டைக் கட்டாயம் அசைத்துப் பாருங்கள். நம் ஊர் கடற்காற்றில் சீட் போஸ்ட் ஃபிரேமுக்குள் இறுகிப் போயிருக்கும். அது வரவில்லை என்றால் வண்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள வெல்டிங், கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) பக்கத்து வெல்டிங் இரண்டையும் துணியால் துடைத்துவிட்டு, விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டாண்ட், மணி, சக்கரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசில் மாட்டி எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி ஒவ்வொரு பாகத்தையும் மாற்றும்போது எடை போட்டால், காசு எங்கே வேலை செய்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

முன்னால் ஒரே ஒரு செயின்ரிங்

பழைய வண்டிகளில் முன்னால், கிராங்கோடு சேர்ந்து சுற்றும் பல்சக்கரங்கள், அதாவது ரிங், மூன்று இருக்கும். இரண்டை எடுத்துவிடலாம். முன் டீரெய்லர் (செயினை ரிங் மாற்றித் தள்ளும் பாகம்), இடது பக்க ஷிஃப்டர் (கியர் மாற்றும் நெம்புகோல்), அதன் கேபிள், இரண்டு ரிங் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 400 கிராம் போய்விடும். அதைவிடப் பெரிய லாபம், இடது கைக்கு இனி பிரேக் மட்டும்தான் வேலை.

மேடு ஏற முடியாதோ என்று பயப்பட வேண்டாம். பழைய வண்டியின் மிக இலேசான கியர் முன்னால் 22 பல், பின்னால் 32 பல் என்றால் விகிதம் 0.69. முன்னால் 30 பல், பின்னால் 42 பல் போட்டால் 0.71. கால் அந்த வித்தியாசத்தை உணராது. வேகமாக ஓடும் பக்கத்தில்தான் கொஞ்சம் இழப்பீர்கள். தடத்தில் அந்த வேகம் யாருக்கும் தேவைப்படாது.

ரிங் வாங்கும் முன் கிராங்கை அளக்க வேண்டும். நான்கு போல்ட் உள்ள கிராங்கில் அடுத்தடுத்த இரண்டு துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு 73.5 மி.மீ. இருந்தால் அது 104 அளவு, அதாவது போல்ட் வட்டத்தின் விட்டம் 104 மி.மீ. 32 பல் ரிங் அதில் சாதாரணமாக உட்காரும். 30 பல் வேண்டுமென்றால் ரிங்கிலேயே மரை வெட்டிய வகையைக் கேளுங்கள். பல் ஒன்று தடிமனாகவும் அடுத்தது மெலிதாகவும் இருக்கும் 'நேரோ வைட்' ரிங்தான் வாங்க வேண்டும். செயினை அதுதான் பிடித்து வைத்திருக்கும். தடிமன் பல் செயினின் அகலமான கண்ணியில் விழும்படி மாட்டுங்கள்.

ரிங்கை முன்பு நடு ரிங் இருந்த இடத்தில் வையுங்கள். அப்போதுதான் செயின் நேராக ஓடும். பழைய போல்ட் இரண்டு ரிங்கைப் பிடிக்கச் செய்தது, ஒற்றை ரிங்குக்கு நீளம் அதிகம். எவ்வளவு முறுக்கினாலும் ரிங் ஆடும். ஒற்றை ரிங்குக்கான குட்டை போல்ட் தனியாக விற்கிறார்கள், அதையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

பின்னால் 11 பல் முதல் 42 பல் வரை உள்ள ஒன்பது கியர் கேசட் (பின்வீலின் பல்சக்கர அடுக்கு), அதற்கேற்ற ஷிஃப்டர், செயின் துள்ளாமல் இழுத்துப் பிடிக்கும் கிளட்ச் உள்ள டீரெய்லர். நான் மைக்ரோஷிஃப்ட் கம்பெனியின் அட்வென்ட் செட் போட்டிருக்கிறேன், மனதார சிபாரிசு செய்வேன். பன்னிரண்டு கியருக்கு ஆசைப்படாதீர்கள். ஒன்பது கியர் செயின் மலிவு, தேய்மானத்தைத் தாங்கும், சேறு படிந்தாலும் மாறும். செயின் நீளத்துக்கு, டீரெய்லரில் கோக்காமல் முன் ரிங்கையும் பின் பெரிய பல்சக்கரத்தையும் சுற்றிப் பிடித்து, முனைகள் சேரும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூட்டி வெட்டுங்கள்.

பின்னர் சேர்த்தது: பழைய ஏழு கியர் வண்டிகள் சிலவற்றில் பின்னால் இருப்பது கேசட் அல்ல, ஹப்பில் (வீலின் நடுப்பாகத்தில்) மரையோடு திருகிய ஃப்ரீவீல் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் சொல்வது சரி. அப்படி இருந்தால் பின் வீலையே மாற்ற வேண்டி வரும். வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

டயர்: காசு முதலில் இங்கே

நெருஞ்சி முள் இந்த நாட்டின் தடங்களில் எங்கும் கிடக்கிறது. அகேசியா முள் இன்னும் நீளம். கரும்பு வெட்டிய பிறகு நிற்கும் கட்டைகளும் டயரைக் குத்திவிடும். 2013இல் பீட்டர்மாரிட்ஸ்பர்கின் காஸ்கேட்ஸ் தடத்தில் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தபோது, அந்த ஊர்க்காரரான கிரெக் மின்னார் பின் டயரில் காற்று இறங்கிய நிலையிலேயே கடைசித் தூரத்தைக் கடந்து டவுன்ஹில் தங்கம் வென்றார். அவருக்கு எல்லைக்கோடு பக்கத்தில் இருந்தது. நமக்குக் கரும்புக்காட்டிலிருந்து வீடு தூரம்.

அதனால் டியூப் இல்லாமல், டயருக்குள் சீலண்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) ஊற்றி ஓட்டுவதுதான் என் தீர்மானமான கருத்து. 29 அங்குல டியூப் ஒன்று 200 கிராம் வரும். அதை எடுத்துவிட்டு 100 மி.லி. சீலண்ட் ஊற்றினால் வீலுக்கு 100 கிராம் மிச்சம், முள் குத்தினால் தானே அடைத்துக்கொள்ளும். டயர் 'ட்யூப்லெஸ் ரெடி' என்று எழுதியதாக இருக்க வேண்டும். ரிம்மின் உள் அகலத்தைவிட 2 முதல் 4 மி.மீ. அகலமான டேப்பை, ரிம்மை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, இழுத்துப் பிடித்து இரண்டு சுற்று ஒட்டுங்கள். டர்பன் வெயிலில் சீலண்ட் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், மறக்காமல் நிரப்புங்கள்.

முன்னால் ஃபோர்க் அனுமதிக்கும் அளவுக்கு அகலமான டயர் போடுங்கள், 2.4 அங்குலமாவது. 70 கிலோ எடையுள்ளவருக்கு முன்னால் 1.4 பார், பின்னால் 1.6 பார் காற்றழுத்தத்தில் தொடங்கி, ரிம் கல்லில் இடித்தால் கொஞ்சம் ஏற்றுங்கள். பம்ப்போடு வரும் மீட்டரை நம்பாமல் தனி மீட்டர் ஒன்று வாங்குங்கள்.

ஃபோர்க்: இங்கே பொறுமை வேண்டும்

மலிவான ஸ்பிரிங் ஃபோர்க் 2.5 கிலோ எடையோடு, சரியாக வேலையும் செய்வதில்லை. ஸ்டீலில் செய்த ரிஜிட் ஃபோர்க் 1.1 கிலோதான். ஆனால் கண்ணுக்குப் பிடித்த ஃபோர்க்கை வாங்கி மாட்டிவிட முடியாது. எனக்கு இந்த வேலையில் அதிக நேரம் பிடித்தது இங்கேதான்.

முதலில் நீளம். முன் ஆக்சிலின் (முன்வீல் சுழலும் தண்டின்) நடுவிலிருந்து ஃபோர்க்கின் மேல், பேரிங் உட்காரும் இடம் வரை அளக்க வேண்டும். 29 அங்குல வண்டியில் 100 மி.மீ. சஸ்பென்ஷன் ஃபோர்க் என்றால் இது சுமார் 500 மி.மீ. வரும். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் அது 20, 25 மி.மீ. அமுங்கும். ரிஜிட் ஃபோர்க் அமுங்காது. எனவே 475, 480 மி.மீ. உள்ளதைத் தேடுங்கள். அதைவிடக் குட்டையாக எடுத்தால் வண்டியின் முன்பக்கம் தாழும், 20 மி.மீ.க்கு ஹேண்டில் கோணம் ஏறக்குறைய ஒரு டிகிரி செங்குத்தாகும், இறக்கத்தில் பயமாக இருக்கும், பெடல் வேரிலும் கல்லிலும் இடிக்கும். நீளமாக எடுத்தால் மேட்டில் முன்வீல் அலையும்.

அடுத்தது ஃபோர்க்கின் மேல் குழாய், அதாவது ஃபிரேமின் முன்பக்கத்துக்குள் நுழைந்து ஹேண்டில் வரை போகும் குழாய். பழைய வண்டிகளில் அது முழு நீளமும் 28.6 மி.மீ. நேர்குழாய். புதியவற்றில் கீழே அகலும். நேர்குழாய் ஃபோர்க்கை அகன்ற ஃபிரேமில் மாற்று வளையம் போட்டு மாட்டலாம், அகன்ற குழாயை நேர் ஃபிரேமுக்குள் பெரும்பாலும் நுழைக்க முடியாது. அப்புறம் ஆக்சில்: உங்கள் முன் ஹப் 9 மி.மீ. குவிக் ரிலீஸா, 15 மி.மீ. திரூ ஆக்சிலா என்று பார்த்து அதே வகையை எடுங்கள்.

குழாயை அறுக்கும் முன் ஸ்பேசர் (உயரம் கூட்டும் வளையம்), ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் பாகம்) எல்லாம் மாட்டி, ஸ்டெம்மின் மேல் விளிம்பில் கோடு போட்டு, அதற்கு 3 மி.மீ. கீழே அறுக்க வேண்டும். முதல் தடவை 20 மி.மீ. ஸ்பேசரைக் கூடவே விட்டு அறுங்கள். சில வாரம் ஓட்டி, கைக்கு எந்த உயரம் ஒத்துவருகிறது என்று தெரிந்தபின் மிச்சத்தை அறுக்கலாம். அறுத்ததை ஒட்ட முடியாது. மேல் மூடி போல்ட் ஆட்டத்தை நீக்க மட்டும்தான், அதை இறுக்கிக்கொண்டே போகாதீர்கள். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், தட்டும் உணர்வு நின்றதும் நிறுத்திவிட்டு, ஸ்டெம் போல்ட்டுகளை, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ஸ்பானரில் 5 நியூட்டன் மீட்டர் வைத்து இறுக்குங்கள். மடக்கு டூலை வழிப்பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வேலை செய்ய 4, 5, 6 மி.மீ. நல்ல ஆலன் சாவிகள் தனித்தனியாக வாங்குங்கள். பெரிய டூல் பெட்டி வேண்டாம்.

"அண்ணா, சஸ்பென்ஷனை எடுத்தால் கை வலிக்காதா?" என்று ஒரு தம்பி கேட்டார். பாறைகள் நிறைந்த இறக்கத்தில் வேகமாகப் போனால் நிச்சயம் வலிக்கும். அதுதான் உங்கள் விருப்பம் என்றால் ஃபோர்க்கைத் தொடாதீர்கள். மணிக்கட்டில் பழைய காயம் இருப்பவர்களும் விட்டுவிடுங்கள். கரும்புத் தோட்டப் பாதைக்கும் மரங்களுக்கிடையே போகும் மண் தடத்துக்கும் அகலமான டயரின் குறைந்த காற்றே போதும். டயரை முதலில் மாற்றச் சொன்னது இதற்காகத்தான். அதை ஓட்டிப் பார்த்த பிறகு ஃபோர்க்கை மாற்ற வேண்டுமா என்று உங்கள் கையே சொல்லும்.

முதல் ஓட்டம்

பக்கத்துப் பாதையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து கிராங்க், ஸ்டெம், ரிங் போல்ட் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். புதிய போல்ட் ஒன்றாவது தளர்ந்திருக்கும். நீண்ட தடத்துக்குத் தனியாகப் போகாதீர்கள், இரண்டு மூன்று பேராவது சேர்ந்து போங்கள். கரும்பு எரிக்கும் காலத்தில் புகை தெரிந்தால் அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம்.

வால்வு பற்றிப் பின்னர் சேர்த்தது

டேப் ஒட்டியும் வால்வைச் சுற்றிக் காற்று கசிகிறது என்று பலர் எழுதியிருந்தார்கள். விலை குறைந்த வண்டிகளின் ரிம்மில் கார் வால்வுக்கான 8.5 மி.மீ. துளை இருக்கும். ட்யூப்லெஸ் வால்வோ பெரும்பாலும் 6.5 மி.மீ. துளைக்கான மெலிந்த பிரெஸ்டா வகை. அது அந்தத் துளையில் ஆடும், எத்தனை சுற்று டேப் ஒட்டினாலும் கசியும். கார் வால்வு அளவிலேயே ட்யூப்லெஸ் வால்வு கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். டேப்பில் கத்தியால் பெரிதாகக் கீறாமல், சூடாக்கிய ஆணியால் சிறு துளை போட்டு வால்வை அழுத்தி நுழையுங்கள். பெட்ரோல் பங்க் காற்றிலேயே டயர் ரிம்மில் ஏறிவிடும்.