நியாய வணிகக் காசு கோகோ விவசாயி கைக்கு வந்து சேர

கானாவில் ஒரு கிராமத்துக் கோகோ சங்கம், நியாய வணிகச் சான்றான ஃபேர்டிரேட் முத்திரைக்குப் போகும் முன் தராசைச் சரிபார்க்க வேண்டும். 1993-இல் தனியார் கொள்முதலுக்கு அரசு வழிவிட்டபோது விவசாயிகள் ‘குவாபா கோகூ’ கூட்டுறவைத் தொடங்கியதற்கு எடை மோசடியும் ஒரு காரணம். அங்கே ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் தன் எடைக்காரரைத் தானே தேர்ந்தெடுக்கும். வெளியூர் ஏஜெண்ட் வந்து முள்ளைத் தள்ளிவிடும் வேலைக்கு அங்கே இடமில்லை.

ஒரு மூட்டையின் நிகர எடை 62.5 கிலோ, அதாவது டன்னுக்கு 16 மூட்டை. மூட்டைக்கு 2 கிலோ குறைத்துக் காட்டினால் டன்னுக்கு 32 கிலோ, அரை மூட்டைக்கு மேல் காணாமல் போகும். ஃபேர்டிரேட் விற்பனையில் விலைக்கு மேல் கூடுதலாக வரும் தொகையான பிரீமியமும் அந்த ஓட்டையை அடைக்காது. தினமும் காலையில் தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா பாருங்கள். முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்துப் பாருங்கள். காலிச் சாக்கின் எடையைத் தனியே கழியுங்கள். விவசாயியின் கண்ணெதிரே அவருடைய கொள்முதல் பாஸ்புக்கில் எழுதுங்கள்.

அடுத்தது விதை. கோகோ காயை மரக்கட்டையால் தட்டி உடைக்க வேண்டும். வெட்டுக்கத்தி பட்ட விதையில் பூஞ்சை நுழையும். வெள்ளைச் சதையோடு விதைகளை வாழை இலைமேல் குவித்து, இலையாலேயே மூடி, 6 நாள் புளிக்க விடுங்கள். நடுக்குவியல் 45 டிகிரிக்கு மேல் சூடாகும். கை வைத்தால் சுடுவது தெரியும். இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறாவிட்டால் ஓரத்து விதைகள் சரியாகப் புளிக்காது. வெட்டிப் பார்த்தால் உள்ளே சிலேட்டுப் பலகை நிறத்தில் இருக்கும், சாக்லேட் வாசனையே வராது. பிறகு தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய மூங்கில் பாயில் காய வையுங்கள். சாலையோரத் தாரில் காய்ந்தால் மண்ணும் டீசல் வாசமும் ஏறும். விறகுப் புகை பட்டாலும் அதே கதி. ஈரம் 7.5 சதவீதத்துக்குள் வந்த பிறகே மூட்டை கட்ட வேண்டும்.

தரச் சோதனையில் 300 விதைகளை நீளவாக்கில் வெட்டிப் பார்ப்பார்கள். 9 விதைக்கு மேல் பூஞ்சை இருந்தால் முதல் தரம் போச்சு. சிலேட்டு நிற விதைக்கும் அதே 9 தான் எல்லை.

இப்போது காசுக் கணக்கு. 2019 அக்டோபரில் ஃபேர்டிரேட் வைத்த குறைந்தபட்ச ஏற்றுமதி விலை, இயற்கை வேளாண் சான்று இல்லாத சாதாரணக் கோகோவுக்கு டன்னுக்கு 2400 டாலர். சந்தை விலை அதற்குக் கீழே விழும்போதுதான் அதற்கு வேலை. 2024-இல் உலக விலை 10,000 டாலரைத் தாண்டியபோது அது யார் நினைவிலும் இல்லை. பிரீமியம் அப்படியல்ல, விலை ஏறினாலும் இறங்கினாலும் தனியாக வரும்; அதே 2019 பட்டியலில் அது டன்னுக்கு 240 டாலர். இந்த எண்களை அவ்வப்போது மாற்றுவார்கள், ஆகவே ஒப்பந்தத் தேதிக்குப் பொருந்தும் பட்டியலைப் பாருங்கள்.

பல சங்கங்கள் சறுக்குவது இங்கேதான். 500 பேர், ஆளுக்கு 8 மூட்டை என்றால் 4000 மூட்டை, 250 டன். 240-ஆல் பெருக்கினால் 60,000 டாலர். அதை நம்பிப் பள்ளிக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிவிடுவார்கள். ஆனால் பிரீமியம், ஃபேர்டிரேட் ஒப்பந்தத்தில் விற்ற சரக்குக்கு மட்டும்தான். 40 சதவீதம்தான் அப்படி விற்றது என்றால் கைக்கு வருவது 24,000. முந்தின பருவத்தில் உண்மையாக விற்ற அளவை வைத்தே திட்டம் போடுங்கள்.

பிரீமியம் தனி மனிதருக்கு வருவதில்லை, சங்கக் கணக்குக்கு வரும். செலவைத் தீர்மானிப்பது பொதுக்குழு. கிணறு, மருத்துவ வசதி, பள்ளி, நாற்று என்று போகலாம்; ரொக்கமாகப் பிரிக்கவும் முடிவெடுக்கலாம். கூட்டத்தை விதைப்பும் அறுப்பும் நெருக்கும் வாரத்தில் வைக்காதீர்கள். பெண்கள் வரமுடியாத நேரத்தில் வைத்தால் ஆழ்துளைக் கிணறு பட்டியலின் கடைசிக்குப் போய்விடும், ஏனென்றால் தண்ணீர் சுமப்பது அவர்கள். தீர்மானம், கூட்ட வருகைப் பதிவேடு, ரசீது மூன்றும் ஒரே கோப்பில் இருக்கட்டும். தணிக்கையாளர் முதலில் கேட்பது அதைத்தான். தோட்டத்தில் குழந்தைகள் வேலை செய்கிறார்களா என்பதையும் அவர் நேரில் வந்து பார்ப்பார், பள்ளி வருகைப் பதிவைத் தயாராக வையுங்கள்.

சாக்லேட் வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. உறையில் முத்திரைக்குப் பக்கத்தில் அம்புக்குறி இருந்தால் பின்பக்கத்தைப் படியுங்கள். கோகோவில் ஃபேர்டிரேட் சரக்கையும் மற்றதையும் ஆலையில் கலக்க அனுமதி உண்டு. வாங்கிய அளவும் விற்ற அளவும் கணக்கில் ஒத்துப்போனால் போதும். கையிலுள்ள அந்தத் துண்டில் சங்கத்து விதையே இல்லாமல் இருக்கலாம், பிரீமியம் மட்டும் சங்கத்துக்குப் போயிருக்கும்.