வெளிநாட்டு நினைவுப்பொருட்களைச் சேகரிக்கத் தொடங்குவது எப்படி?

திருகோணமலையிலிருந்து சென்னைக்கோ கோலாலம்பூருக்கோ போய்வருகிறவர்களின் பெட்டியில் சேலையும் சொக்லேட்டும் சவர்க்காரமும் நிறைந்திருக்கும். அவற்றை உறவினருக்குப் பங்கிட்டபின், போன ஊரைச் சொல்ல வீட்டில் ஒரு பொருளும் மிஞ்சுவதில்லை. முதற்பயணத்துக்கு ஆயத்தமாகும் ஒருவர் சிறிய செலவிலேயே ஒரு சேகரிப்பைத் தொடங்குவதற்கான வழியை இங்கே தருகிறேன்.

படி 1: புறப்படுமுன் ஒரே ஒரு வகையைத் தேர்ந்துகொள்ளுங்கள். நான் பொம்மைகளைத் தேர்ந்தேன். பணம் குறைவாயின், கையில் மிஞ்சும் சில்லறை நாணயங்களும், அவ்வூர்த் தபாலகத்திலிருந்து உங்கள் சொந்த முகவரிக்கே நீங்கள் அனுப்பும் படஅட்டையும் போதும். அட்டையில் விழும் தபால் முத்திரை ஊரையும் தேதியையும் தானே தாங்கி வரும்.

படி 2: அந்த மண்ணில் செய்யப்பட்டதையே வாங்குங்கள். பொருளின் அடிப்பக்கத்தைத் திருப்பி, எந்த நாட்டுத் தயாரிப்பு என்று பாருங்கள். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும், வெள்ளீயச் சுரங்கங்களால் வளர்ந்த மலேசியாவின் சிலாங்கூரில் செய்யப்படும் பியூட்டர் என்ற வெள்ளீயக் கலப்புலோகக் கிண்ணமும் தாம் பிறந்த இடத்தின் தொழிலைக் காட்டுகின்றன. தமிழ்நாட்டில் எங்கே வாங்குவதென்று தெரியாதவர்கள், அரசின் 'பூம்புகார்' கைவினைப்பொருள் விற்பனை நிலையங்களில் தொடங்கலாம்.

படி 3: வாங்கக் கூடாதவற்றை அறிந்துகொள்ளுங்கள். இதற்கே அதிக கவனம் வேண்டும். 1973இல் கையொப்பமிடப்பட்டு 1975இல் நடைமுறைக்கு வந்த, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) உடன்படிக்கையின்படி, யானைத்தந்தம், அழுங்காமை ஓடு, பவளப்பாறைத் துண்டு ஆகியவற்றை எல்லை கடந்து கொண்டுசெல்வது தடுக்கப்பட்டோ அனுமதிப்பத்திரத்துக்கு உட்பட்டோ இருக்கிறது. கடையில் வெளிப்படையாக விற்கப்படுவதால் மட்டும் ஒரு பொருள் சட்டபூர்வமானதாகிவிடாது. தாய்லாந்தில் வாங்கும் புத்தர் சிலையை வெளியே கொண்டுவர அந்நாட்டு நுண்கலைத் திணைக்களத்தின் அனுமதி தேவைப்படும். இத்தாலியின் சார்டினியாத் தீவில் கடற்கரை மணலை அள்ளிவருவதற்கே 3,000 யூரோ வரை தண்டம் உண்டு. நம் திருகோணமலைக் கடலிலுள்ள புறாத்தீவின் பவளத்தை ஒரு பயணி உடைத்தெடுத்தால் நமக்கு எப்படி வலிக்குமோ, அப்படித்தான் அந்தந்த ஊரவர்க்கும் வலிக்கும்.

படி 4: உடையக்கூடியதைப் பருத்தித் துணியில் சுற்றி, பெட்டியின் நடுவே உடுப்புகளுக்கிடையில் வையுங்கள். கூரானவற்றையும், 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தல்களையும் கைப்பையில் வைக்காதீர்கள்.

படி 5: வாங்கிய அன்றிரவே எழுதுங்கள். என்னிடம் ஒரு சிறு பித்தளை விளக்கு இருக்கிறது. அதை மதுரையில் வாங்கினேனா பழனியில் வாங்கினேனா என்று இன்று எனக்கே தெரியாது. எழுதாமல் விட்டதால், அது வெறும் விளக்காகவே நின்றுவிட்டது. ஆகவே ஒரு கொப்பியில் இடம், தேதி, விலை, மூலப்பொருள் ஆகியவற்றையும், செய்தவரையே சந்தித்திருந்தால் அவர் சொன்ன செய்முறையையும் குறித்து, பற்றுச்சீட்டை அப்பக்கத்திலேயே ஒட்டுங்கள். பொருளின் அடியில் சிறு இலக்கமிட்டு, அதே இலக்கத்தைக் கொப்பியிலும் எழுதிவிட்டால், உங்களுக்குப்பின் பிள்ளைகளும் அதை அடையாளம் காண்பார்கள்.

படி 6: நம்மூர் உப்புக்காற்று உலோகத்தை விரைவில் கறுக்கச் செய்யும், வாடைக்கால ஈரத்தில் கடதாசியும் மரமும் பூஞ்சணம் பிடிக்கும். கண்ணாடிக் கதவுள்ள அலுமாரியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்து, மழை ஓய்ந்ததும் அவற்றை மாற்றுங்கள். பழைய நாணயங்களை மட்டும் புளியிட்டுத் துலக்கவே வேண்டாம். மேற்பரப்பு அரிக்கப்பட்டு, எழுத்தின் கூர்மை போய்விடும்.