மோல் கணக்குல ஒரு கிலோ காஸ்டிக் வந்த கதை

கோபில ப்ளஸ் ஒன் படிக்கறப்ப கெமிஸ்ட்ரி கணக்குன்னாலே எனக்கு வவுத்தக் கலக்குமுங்க. ஃபார்முலா எல்லாம் மனப்பாடம், ஆனா நம்பரைப் போட்டா விடை எங்கியோ போயி நிக்கும். ஒருநா 250 மில்லி 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு (காஸ்டிக் சோடா) கரைசலுக்கு எத்தனை கிராம் வேணும்னு கணக்கு, நான் பாட்டுக்கு 250, 0.1, அப்பறம் ஒரு மோல் (டஜன் மாதிரி, துகளை எண்ணற ஒரு அளவு) காஸ்டிக்கோட கிராம் எடையான 40, மூணையும் பெருக்கி 1000 கிராம்னு எழுதிட்டேன். திருப்பூர்ல சாயப்பட்டறைல வேலை பாக்கற மாமா நோட்டைப் பாத்துட்டு, "ஏங்கண்ணு, ஒரு டம்ளர் தண்ணிக்கு ஒரு கிலோ காஸ்டிக்கா, டம்ளரே கொள்ளாதேடா"ன்னு சிரிச்சாரு.

அப்பத்தான் உறைச்சுது. மோலார்னா லிட்டருக்கு இத்தனை மோல், நான் மில்லிய லிட்டரா மாத்தவே இல்ல. 0.25 லிட்டரை 0.1ஆல பெருக்குனா 0.025 மோல், அதை 40ஆல பெருக்குனா வெறும் 1 கிராம்! அன்னிலருந்து ஒவ்வொரு நம்பர் பக்கத்துலயும் யூனிட்டை எழுதிருவேன், வெட்ட வேண்டியது வெட்டுப்படலைன்னா எங்கியோ தப்புன்னு அங்கியே தெரிஞ்சுரும்.

சமன்பாட்டுக் கணக்குக்கும் அதேதான். 25 கிராம் சுத்தமான கால்சியம் கார்பனேட், அதான் சங்ககிரிப் பக்கம் வெட்டியெடுக்கற சுண்ணாம்புக்கல்லு, அதைச் சுட்டா எத்தனை கிராம் சுட்ட சுண்ணாம்பு வரும்? கிராம்லருந்து நேரா கிராமுக்குத் தாவாதீங்க, மோல் வழியாத்தான் போகோணும். ஒரு மோல் கால்சியம் கார்பனேட் 100 கிராம், அதனால 25ஐ 100ஆல வகுத்தா 0.25 மோல். ஒரு மோல் கல்லுக்கு ஒரு மோல் சுட்ட சுண்ணாம்பு, அது மோலுக்கு 56 கிராம், 56ஆல பெருக்குனா 14 கிராம். மிச்சம் 11 கிராம் கார்பன் டை ஆக்சைடா பறந்துருது, ரெண்டையும் கூட்டி 25 வருதான்னு ஒருக்கா பாத்துக்குங்க.