ஓட்டு வீட்டுக்குப் பின்னால் ஒரு புது அறை

தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டு உத்திரத்தில் 1098 என்று செதுக்கியிருக்கும். கொல்லம் ஆண்டு, அதாவது 1922-23. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர், ஓட்டைத் தாங்க அயினி மரத்தில் கழுக்கோல், மேலே மங்களூர் ஓடு. அம்மாவுக்கு முட்டி தேய்ந்த பிறகு ராத்திரியில் கொல்லைக் கக்கூஸுக்கு நடக்க முடியவில்லை. அதனால் பின்பக்கம் ஓர் அறையும் குளியலறையும் கட்டினோம்.

முதலில் வந்தவர், "சுவரை ஒட்டியே எடுத்துடலாம், ஒரு சுவர் மிச்சம்" என்றார். நானும் காசை நினைத்துத் தலையாட்டினேன். பழைய அஸ்திவாரம் இரண்டடி ஆழம்தான். அதை ஒட்டி மூன்றரை அடி தோண்டியதும் மண் சரிந்து, சமையலறை மூலையில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். வேறொரு கொத்தனார் வந்து, விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்தால் ஒட்டி, பென்சிலால் தேதி எழுதினார். உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தமாம். நாலாம் நாள் உடைந்தது. குழியை இறுக்கி மூடினோம். அடுத்த கண்ணாடி இரண்டு மாதம் தாங்கிய பிறகுதான் மறுபடி வேலை.

இந்த முறை நாலடி தள்ளி, தனித் தூண், தனி அஸ்திவாரம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இடையில் ஒரு நடைவழி போதும். அதன் கூரைக்குப் பழைய சுவரில் ஓர் ஆணிகூட வேண்டாம். கூரை ஷீட், பழைய ஓட்டின் இறவாரத்துக்கு அடியில் ஒரு முழம் நுழைந்து, புது அறையை நோக்கிச் சரியட்டும். மழைத்தண்ணீர் ஓடும் தகரப் பாத்தி புதுச் சுவர் ஓரம் வர வேண்டும், தாராள அகலத்தில். நமக்கு ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. இரண்டுக்கும் முன்னால் சருகை அள்ளிவிடுங்கள்.

வாசலுக்குப் புதிதாகச் சுவரை உடைக்காதீர்கள். பின் ஜன்னலுக்குக் கீழே மட்டும் வெட்டினோம், மேல்கட்டையைத் தொடவில்லை. தண்ணீர்க் குழாயெல்லாம் புதுச் சுவரிலேயே. வெட்டிய இடத்தில் சிமெண்ட் பூசினால் பழைய சுவர் குடித்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக உதிரும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், அவ்வளவுதான். ஆள் கிடைப்பது கஷ்டம், தேடுங்கள். பஞ்சாயத்து அனுமதியை அஸ்திவாரத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது கண்ணாடி இன்னும் சமையலறையில் அப்படியே இருக்கிறது. அம்மா தினமும் அதைத் துடைத்துத் துடைத்துத் தேதிதான் அழிந்துபோயிற்று.