வயித்துல இருக்கிற குழந்தைக்கு ஆபரேஷன் ஆனப்புறம் கர்ப்பப்பை தழும்பை ஸ்கேன்ல பாக்கிறப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுகெலும்பு சரியா மூடாத ஸ்பைனா பைஃபிடா மாதிரி பிரச்சனைக்கு, அம்மாவோட கர்ப்பப்பையைத் திறந்து குழந்தை முதுகைத் தைச்சிட்டு, கர்ப்பப்பையை மறுபடி மூடி, அதே கர்ப்பத்தை இன்னும் பல வாரம் தொடர விடுவாங்க. சிசேரியன் முடிஞ்ச கர்ப்பப்பை காலியாகி சுருங்கிடும், தையலுக்கு இழுவை இருக்காது. இங்க அப்படி இல்ல, உள்ள குழந்தை வளந்துட்டே இருக்கு, தண்ணி இருக்கு, கர்ப்பப்பை விரிஞ்சுக்கிட்டே போகுது, அந்த இழுவையிலதான் தழும்பு ஆறணும். இத மறந்துட்டு சிசேரியன் தழும்பு பாக்கிற பழக்கத்துலயே இதையும் பாக்கிறதுதான் முக்கால்வாசி தப்புக்குக் காரணம்.

எல்லாத்துக்கும் முன்னாடி வர்ற தப்பு, தழும்பு எங்க இருக்குன்னே தெரியாம ஸ்கேன் பண்றது. சிசேரியன் வெட்டு வழக்கமா கர்ப்பப்பையோட கீழ்ப்பகுதில குறுக்க இருக்கும், எல்லாருக்கும் ஏறக்குறைய அதே இடம். இந்த ஆபரேஷன்ல நச்சுக்கொடி எங்க ஒட்டியிருக்கோ அதைத் தவிர்த்துதான் வெட்டுவாங்க, அதனால பெரும்பாலும் மேல்பகுதில வரும், நச்சுக்கொடி முன்பக்கம் இருந்தா வெட்டு உச்சிக்கோ பின்பக்கத்துக்கோ போயிடும். அப்போ கீழ்ப்பகுதிய மட்டும் அளந்துட்டு "தழும்பு நல்லா இருக்கு"ன்னு ரிப்போர்ட் எழுதினா, வெட்டாத இடத்துக்கு நல்ல சர்டிஃபிகேட் குடுத்த மாதிரிதான். ஆபரேஷன் நோட்ஸ் காப்பி கையில இல்லாம இந்த ஸ்கேனுக்குப் போகாதீங்க, ஸ்கேன் பண்றவங்களும் அதக் கேட்டு வாங்கிப் படிச்சிட்டு ப்ரோப (வயித்து மேல வைக்கிற ஸ்கேன் கருவிய) வைங்க. பின்பக்கத் தழும்புன்னா குழந்தையும் தண்ணியும் நடுவுல இருக்கிறதால சரியா தெரியாமலே போகலாம், அப்போ "தெரியல"ன்னு எழுதுறதுதான் நேர்மை, "நார்மல்"னு எழுதக்கூடாது.

அடுத்தது மில்லிமீட்டர் மேல இருக்கிற அளவுக்கு மீறின நம்பிக்கை. சிசேரியன் தழும்புக்கு 2 மில்லிமீட்டர், 3.5 மில்லிமீட்டர்னு சில கணக்கு புழக்கத்துல இருக்கு, அதெல்லாம் கர்ப்பத்தோட கடைசி வாரங்கள்ல கீழ்ப்பகுதிய அளந்து வந்த நம்பர். மேல்பகுதியோட தசை வேற, இழுவை வேற, அங்க அந்த நம்பரத் தூக்கிட்டுப் போய் "3 இருக்கு, பயமில்ல"ன்னு சொல்ல எந்த அடிப்படையும் இல்ல. அமெரிக்கால மூணு சென்டர்கள்ல நடந்து 2011ல வெளியான மாம்ஸ் ஆய்வுல (ஸ்பைனா பைஃபிடாவ வயித்துக்குள்ளயே சரி பண்றதையும் பிறந்தப்புறம் பண்றதையும் ஒப்பிட்டது), 26 வாரத்துக்கு முன்னாடி இந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்குப் பிரசவ நேரத்துல தழும்ப நேர்லயே பார்த்தாங்க. சுமார் மூணுல ரெண்டு பேருக்குத்தான் நல்லா ஆறி இருந்துச்சு, மீதிப் பேருக்கு ரொம்ப மெலிஞ்சோ, கொஞ்சம் பிரிஞ்சோ இருந்துச்சு, முழுசா பிரிஞ்சது ரொம்ப அபூர்வம். அதாவது மெலிசா இருக்கிறது இங்க சாதாரணமா வர்ற விஷயம், அதப் பார்த்ததும் பதறவும் வேண்டாம், தடிமனா தெரிஞ்சா நிம்மதியா தூங்கவும் வேண்டாம்.

அளக்கிற விதத்துலயே நிறைய ஏமாத்தம் இருக்கு. ஆபரேஷனுக்கு அப்புறம் கர்ப்பப்பை அடிக்கடி இறுகும், அந்த இறுக்கம் வர்றப்ப ஸ்க்ரீன்ல பார்த்தீங்கன்னா மெலிசா ஓடிட்டு இருந்த தசை மெதுவா உப்பி, உள்பக்கம் புடைச்சு, அளவு சட்டுனு கூடிடும், கொஞ்ச நேரம் கழிச்சு அது தளர்ந்ததும் பழைய மெலிசுக்கே திரும்பிடும். அந்த உப்பின நேரத்துல அளந்துட்டு கிளம்பினா ரிப்போர்ட்ல அழகா ஒரு நம்பர் இருக்கும், பிரயோஜனம் இருக்காது. அதனால காத்திருந்து தளர்ந்தப்புறம் அளக்கணும், ஒரு தடவைக்கு மூணு தடவை அளந்து மெலிசான இடத்த எழுதணும், ப்ரோப சுவருக்கு நேர் செங்குத்தா பிடிக்கணும், சாய்ஞ்சா தடிமன் கூடுதலா காட்டும், அழுத்தினா குறையும். தழும்பு முன்பக்கம்னா தோலுக்குப் பக்கத்துலதான் இருக்கு, அதுக்கு ஆழமாப் பாக்கிற வழக்கமான ப்ரோப விட ஹை ஃப்ரீக்வென்சி லீனியர் ப்ரோப்ல விளிம்பு தெளிவா வரும்.

சவ்வு பிரிஞ்சு இருக்கிறதயும் தழும்பு பிரிஞ்சதயும் குழப்பிக்கிறவங்க உண்டு. இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் பனிக்குடச் சவ்வு சுவர்ல இருந்து விலகி தண்ணிக்குள்ள மெல்லிசா ஆடுறது கொஞ்சம் சகஜம், மாம்ஸ்ல நாலுல ஒருத்தருக்கு அப்படி இருந்துச்சு. அதுவும் கவனிக்க வேண்டியதுதான், பனிக்குடம் சீக்கிரம் உடையற ஆபத்து இருக்கு, ஆனா அது தசை விட்டுப்போனது இல்ல. தசைக் கோடு எங்கயாவது அறுந்து நிக்குதா, அந்த இடத்துல சவ்வு வெளிப்பக்கம் புடைக்குதான்னு தனியாப் பாக்கணும்.

பனிநீர் குறைஞ்சா உடனே "கீழ ஒழுகுது"ன்னு மட்டும் முடிவு பண்றதும் தப்பு. தையல் வழியா அம்மாவோட வயித்துக்குள்ளயே கசியலாம், அப்போ வெளில ஒரு சொட்டு கூட வராது. தண்ணி கம்மின்னு தெரிஞ்சா ப்ரோப கர்ப்பப்பைக்கு வெளியவும் நகர்த்தி, அம்மாவோட வயித்துல எங்கயாவது தண்ணி தேங்கியிருக்கான்னு பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை.

இதெல்லாத்தயும் விட எனக்குக் கவலையா இருக்கிறது ஒண்ணு. ஸ்கேன் நல்லா வந்துடுச்சுன்னு வலியக் கண்டுக்காம இருக்கிறது. ஸ்கேன் தழும்போட தடிமனத்தான் காட்டும், பலத்தக் காட்டாது. நேத்து ரிப்போர்ட் சூப்பரா வந்திருந்தாலும் இன்னிக்கு விடாம வயித்துவலி, ரத்தப்போக்கு, மயக்கம், குழந்தை அசைவு குறையறதுன்னு ஏதாவது வந்தா உடனே ஆஸ்பத்திரி, அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்கக்கூடாது. அதே மாதிரி "தழும்பு தடிமனா இருக்கே, நார்மல் டெலிவரிக்கு ட்ரை பண்ணலாமா"ன்னு சிலர் ஆசையா கேக்கிறாங்க, ஆசை புரியுது, ஆனா இப்படித் திறந்து பண்ணின ஆபரேஷன்னா இந்தக் குழந்தையும் இனி வர்ற எல்லாக் குழந்தையும் வலி வர்றதுக்கு முன்னாடியே சிசேரியன்தான், எந்த ஸ்கேன் நம்பரும் இத மாத்தாது. சின்ன ஓட்டை வழியா ஃபீட்டோஸ்கோப்ல (கர்ப்பப்பைக்குள்ள விடுற கேமரா குழாய்ல) பண்ணினவங்க கதை வேற, அத அவங்க ஆபரேஷன் டீம் கிட்டயே கேக்கணும்.

பிரசவத்துக்கு அப்புறம் ஆறாவது வாரத்துலயே தழும்பு அளக்க ஓடாதீங்க, கர்ப்பப்பை இன்னும் சுருங்கிட்டுத்தான் இருக்கும், குறைஞ்சது மூணு மாசமாவது போகட்டும். போறப்ப பிரசவ சிசேரியன் நோட்ஸையும் எடுத்துக்கங்க. டாக்டர் அன்னிக்குத் தழும்ப நேர்லயே பார்த்து எழுதினது எந்த ஸ்கேனையும் விட மதிப்பு, அதோட சிசேரியன் வெட்டு வேற இடத்துல போட்டிருந்தா இப்போ கர்ப்பப்பைல ரெண்டு தழும்பு இருக்கு, ரெண்டையும் பாக்கணும்.

அடுத்த கர்ப்பம் உண்டானா ஆரம்பத்துலயே ஒரு ஸ்கேன் கட்டாயம், கரு அந்தத் தழும்பு மேல ஒட்டியிருக்கான்னு பாக்கிறதுக்கு. அப்புறம் நச்சுக்கொடி தழும்பு மேல படர்ந்திருந்தா தசைக்குள்ள ஊடுருவியிருக்கான்னு ரத்த ஓட்டத்தக் காட்டுற டாப்ளர் ஸ்கேன் வச்சுப் பாக்கணும். வழக்கமா நச்சுக்கொடி கீழ இறங்கி இருந்தாத்தான் இந்த சந்தேகமே வரும், இங்க தழும்பு கர்ப்பப்பையோட மேல்பகுதில இருக்கிறதால நச்சுக்கொடி உச்சில "நல்ல இடத்துல" இருக்கிறதுதான் சந்தேகப்பட வேண்டிய இடம்.