பழைய பிக்கப்பில் ஸ்லோ ஸ்பீடு ஏறி இறங்கினால் செய்யக் கூடாதவை

குமுளி, கம்பம் பக்கம் தொழில் பழக வரும் பையன்கள் பேட்டரி டெர்மினல், ஏர் ஃபில்டர் போன்றவற்றைக் கோட்டை விடுவதில்லை. டீசலை அழுத்தி எஞ்சினுக்கு அனுப்பும் மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டீசல் பிக்கப் ஒன்று ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காத ஸ்லோ ஸ்பீடில், நிலையாக நிற்காமல் ஊசலாடும்போதுதான் தடுமாறுகிறார்கள். பழகுகிற வயதில் நாங்கள் செய்த அதே தப்புகளை அவர்களும் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எடுத்த எடுப்பில் ஸ்லோ ஸ்குரூவைத் திருகுவது

ஸ்பீடை ஏற்றி வைத்தால் கோளாறு மறையும், தீராது. ஆக்சிலேட்டர் கேபிள் இறுகாமல் இருக்கிறதா, பம்ப் லிவர் முழுதாகத் திரும்பி வந்து உட்காருகிறதா என்று முதலில் பாருங்கள்.

சந்தேகம் வந்ததும் பம்பைக் கழற்றுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. கம்பத்திலிருந்து குமுளிக்குக் காய்கறி ஏற்றும் ஒரு வண்டி. காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும்; ஸ்டார்ட் ஆன பிறகும் ஐடிலில் ஏறி இறங்கும். ஒரு பட்டறையில் பார்த்தவுடனே ‘கவர்னர் போச்சு’ (பம்புக்குள் ஸ்பீடைக் கட்டுப்படுத்தும் பாகம்) என்று பம்பை இறக்கி, அளவு சரிபார்க்கும் கேலிபரேஷனுக்கு அனுப்பினார்கள். வண்டி ஓடாத நாளெல்லாம் ஓட்டுநருக்குக் கூலி கிடையாது. பெரிய தொகை கட்டி மாட்டிய பிறகு, “அண்ணே, பம்பு புதுசு மாதிரி ஆயிடுச்சு, வண்டி மட்டும் அப்படியேதான் இருக்கு” என்று என்னிடம் வந்தார். டேங்க் பக்கத்து ரப்பர் ஹோஸ் கிளாம்புக்கு அடியில் வெடித்திருந்தது. அவ்வளவுதான் கோளாறு.

டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் (மெயின் பம்புக்கு டீசலை இழுத்துக் கொடுக்கும் சின்ன பம்ப்) வரை டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. அங்கே ஓட்டை இருந்தால் எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பது மாதிரி. ஃபீட் பம்பைத் தாண்டிய பகுதியில் அழுத்தம் இருப்பதால் கசிவு கண்ணில் படும். ஈரம் எங்கும் இல்லையே என்று லைனை விட்டுவிட்டுப் பம்பில் கை வைப்பது இதனால்தான். மலைச்சரிவில் முகம் மேலே பார்க்க நிறுத்தினால் லைனில் இருக்கும் டீசல் இரவோடு இரவாக டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் ஸ்டார்ட் ஆகாத காரணமும் அதுதான்.

சோதிப்பது எளிது. சுத்தமான கேனில் டீசல் எடுத்துத் தரையில் வையுங்கள். டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து தெளிவான பிளாஸ்டிக் ஹோஸை நேராக ஃபீட் பம்புக்குக் கொடுங்கள். மிச்ச டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸும் அதே கேனுக்கு. லைனில் உள்ள காற்றை வெளியேற்றிவிட்டு ஓடவிடுங்கள். ஐடில் நிலைத்தால் குற்றம் டேங்க் லைனில். நிலைக்காவிட்டால் கேனை எஞ்சினுக்கு மேலே தூக்கி வையுங்கள். இப்போது சரியானால் ஃபீட் பம்போ அதன் ஜாயின்டோ, கையால் அழுத்தி டீசல் ஏற்றும் ஹேண்ட் பிரைமரோ காற்று எடுக்கிறது. இரண்டிலும் மாறவில்லை என்றால் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைப் பாருங்கள். மெயின் பம்பைப் பற்றி யோசிப்பது அதற்கும் அப்புறம்தான்.

பழைய காப்பர் வாஷரையே திரும்பப் போடுவது

போடாதீர்கள்.

கேன் டீசலைச் சந்தேகிக்காமல் விடுவது

2023 ஏப்ரலில் கேரளா டீசலுக்கு லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் (கூடுதல் வரி) போட்ட பிறகு, கீழே தமிழ்நாட்டுப் பக்கம் நிரப்பிவிட்டு மேலே குமுளிக்கு ஏறுவதில் ஓட்டுநர்களுக்கு அக்கறை கூடிவிட்டது. டேங்க் நிறைந்ததும் கேனிலும் பிடிக்கிறார்கள். அந்தக் கேனின் அடியில் என்ன கிடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஜூன், ஜூலை மழையில் வரும் வண்டியில் ஃபில்டர் அடியிலுள்ள தண்ணீர் ட்ரெயினைத் திறந்து, கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும்.

நாசில் நட்டைத் தளர்த்தும்போது கையை நீட்டுவது

எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க ஒவ்வொரு நட்டாகத் தளர்த்துவது நல்ல முறை. ஆனால் அங்கே 200 பாருக்கும் மேல் அழுத்தம் வரும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போனால் வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். விரலையே இழக்க நேரலாம். கண்ணாடி போட்டு, துணியால் மூடி, ஸ்பேனரை மட்டும் அசையுங்கள். தோலில் பாய்ந்துவிட்டால் வலிக்காவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் புதிய காமன் ரயில் வண்டியில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. அதில் அழுத்தம் 1,000 பாரையும் தாண்டும்.