நோ அழுத்தினாலும் அரைப்பேர் விழும்: மெசேஜ் பொக்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் ஒஃபிஸில், கொழுந்து நிறுவையைப் பதிய விண்டோஸில் ஓடும் சின்ன நிரல் மொழியான விபி ஸ்கிரிப்ட்டில் எழுதிய ஒரு நிரல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோக் கணக்கு 18ஐத் தொடாவிட்டால் ஒரு பொக்ஸ் எழும்பி, “அரைப்பேர் போடவா?”, அதாவது அரைநாள் சம்பளம் மட்டும் பதியவா என்று கேட்கும். ஒருவருடைய அன்றையச் சம்பளம் அந்தப் பட்டனில் இருக்கிறது.

பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. பொக்ஸின் விடையை எதனோடும் ஒப்பிடாமல், அப்படியே ‘இஃப்’ என்ற நிபந்தனை வரிக்குள் வைத்துவிடுகிறார்கள். யெஸ் அழுத்தினால் 6 வரும், நோ அழுத்தினால் 7 வரும். விபி ஸ்கிரிப்ட்டுக்குப் பூச்சியம் மட்டும்தான் பொய். 6, 7 இரண்டுமே மெய். ஆகவே எதை அழுத்தினாலும் அரைப்பேர்தான். எரர் ஒன்றும் காட்டாது என்பதால் மாதக் கணக்குப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. விடையை ஒரு வேரியபிளில் வாங்கி, அது 6தானா என்று பாருங்கள். ‘7 இல்லையென்றால் அரைப்பேர்’ என்று திருப்பி எழுதவும் வேண்டாம்: கேன்சல் பட்டனும் இருக்கும் பொக்ஸை எஸ்கேப் அடித்து மூடினால் 2 வரும், அதுவும் அரைப்பேராகிவிடும்.

அடுத்தது என்டர் கீ. நிறுவைகளை வேகமாகத் தட்டிக்கொண்டு போகிறவரின் விரல், கேள்வியை வாசிக்குமுன்பே என்டரை அழுத்திவிடும். எந்தப் பட்டன் என்று ஸ்கிரிப்ட்டில் சொல்லாவிட்டால் முதல் பட்டனான யெஸ்தான் தேர்வாகியிருக்கும். யெஸ்–நோ பட்டன்களுக்கு 4, கேள்விக்குறிப் படத்துக்கு 32, இரண்டாம் பட்டனைத் தேர்வாக்க 256, கூட்டினால் 292. அந்த எண்ணைக் கொடுத்தால் என்டர் நோவில் விழும். “அரைப்பேர் போடாமல் விடவா?” என்று எதிர்மறையாகக் கேட்பதும் கூடாது, யெஸ் என்றால் என்ன அர்த்தம் என்று அழுத்துகிறவர் தடுமாறுவார்.

தமிழில் கேள்வி எழுதுகிறவர்களை வாட்டுவது ஃபைலைச் சேமிக்கும் முறை. நோட்பேடில் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமித்தால் பொக்ஸில் கிறுக்கல் எழுத்து வரும். பொம் (ஃபைலின் தொடக்கத்தில் வரும் கண்ணுக்குத் தெரியாத அடையாளக் குறி) சேர்த்த யூடிஎஃப்-8 என்றால் முதல் வரியிலேயே எரர். யூடிஎஃப்-16 எல்ஈ என்று தெரிவுசெய்து சேமித்தால் தமிழ் ஒழுங்காக வரும்.

இரவில், குறித்த நேரத்தில் வேலையைத் தானே தொடங்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலரில், ஆள் லொகின் செய்யாமலே ஓடும் ஸ்கிரிப்ட்டில் பொக்ஸ் போடவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத பொக்ஸ் ஒன்று பதிலுக்குக் காத்துக்கொண்டே நிற்க, வேலை அங்கேயே நின்றுவிடும். செய்தியை லொக் ஃபைலில் (நடந்ததைப் பதிந்துவைக்கும் ஃபைல்) எழுதுங்கள். பகலில் ஆள் எழுந்துபோகக்கூடிய இடத்தில் விபி ஸ்கிரிப்ட்டில் கூப்பிடக்கூடிய விண்டோஸ் ஷெல்லின் ‘பொப்அப்’ பொக்ஸ் உதவும். 20 வினாடி என்று கொடுத்தால் தானே மூடி -1ஐத் தரும். அதைச் சம்மதமாக எடுக்காதீர்கள்.

விபி ஸ்கிரிப்ட்டைப் படிப்படியாக நீக்குவதாக மைக்ரோசொஃப்ட் 2023இல் அறிவித்துவிட்டது. புதிதாக எழுதுவதென்றால் விண்டோஸின் இன்னொரு ஸ்கிரிப்ட் மொழியான பவர்ஷெல்லில் எழுதுங்கள். 6, 7 சிக்கல் அங்கேயும் அப்படியே இருக்கிறது. ஃபைல் விடயம் மட்டும் நேர்மாறு: விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1 பதிப்புக்குத் தமிழ் தெரிய, பொம் சேர்த்த யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்க வேண்டும்.